மசாலாவின் முதல் டப்பா

சமையலறைக்குள் நுழைந்ததுமே மசாலா வாசம் மூக்கைத் துளைக்கிறதா? அடுப்பு அணைந்திருக்கும் நேரத்திலும் அப்படியென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கோ ஒரு டப்பா கசிகிறது. வாசத்துக்கும் எடை உண்டு. கிராம்பிலிருந்தோ சீரகத்திலிருந்தோ ஆவியாகிக் கிளம்பிய மூலக்கூறுகள் மூக்குக்குள் வந்து ஒட்டினால்தான் நமக்கு மணம் தெரியும். குழம்புக்குப் போக வேண்டிய சரக்கு அப்படியே காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கியதும் அந்தச் சரக்கைத்தான்.

வாணியம்பாடி வீடுகளில் இந்த நஷ்டம் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும். பிரியாணிக்கென்று பட்டை, கிராம்பு, ஏலக்காய் எப்போதும் கையிருப்பில் இருக்கும் ஊர் அது. பாலாற்றங்கரையில், ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் பக்கத்தில் இருக்கிறது. கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் சுவரில் ஓதம் ஏறும். கொதிப்பும் ஈரமும் மாறி மாறி வரும் ஊரில் ஒரு பிடி கிராம்பை அதன் மணத்தோடு ஆறு மாதம் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஆனால் இந்த வட்டாரத்துக்கு அது புதிய வேலையும் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களுக்குத் தலைமுறைகளாகச் சோறு போடுவது தோல் பதனிடும் தொழில். உயிரோடு இருந்த ஒன்று அழுகாமலும் பூஞ்சை பிடிக்காமலும் நிற்க என்ன செய்வது என்பதுதான் டேனரிக்காரர்களின் அன்றாடக் கேள்வி. மசாலா டப்பா வாங்கக் கடையேறுகிறவருக்கும் அதே கேள்விதான். விடைகள்கூடச் சில இடங்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

செடி கட்டிய சுவர்

ஒரு கிராம்பை எடுத்து அதன் காம்பில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். நல்ல சரக்கென்றால் நகம் பதிந்த தடத்தில் எண்ணெய் மினுக்கும். கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை எளிதில் ஆவியாகும் எண்ணெய். அதில் பெரும்பங்கு யூஜினால் என்ற ஒரே பொருள். அவ்வளவு எண்ணெயும் கிராம்பு முழுக்க ஊறிக் கிடப்பதில்லை. தோலுக்குச் சற்றுக் கீழே வரிசையாக அமைந்த நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கிறது. சீரகம், சோம்பு, தனியா மூன்றிலும் பைகளுக்குப் பதில் குழாய்கள். மேலோட்டின் நெடுக்கில் அவை ஓடுகின்றன. ஏலக்காய்க்கு இரட்டைக் காவல். மணம் விதைக்குள், விதை ஓட்டுக்குள். ஓடு நீக்கிய ஏல விதை, ஓட்டோடு இருக்கும் ஏலக்காயைவிட வெகு சீக்கிரம் மணத்தை இழந்துவிடும்.

கடுகின் ஏற்பாடு இன்னும் விநோதம். கடுகு டப்பாவை முகர்ந்து பாருங்கள், மூக்கில் எதுவும் ஏறாது. கடுகின் நெடிக்கான மூலப்பொருள் சில செல்களில் இருக்கிறது. அதை நெடியாக மாற்றும் மைரோசினேஸ் என்ற நொதி வேறு செல்களில் இருக்கிறது. விதையை நசுக்கி ஈரமும் சேரும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. மூக்கைப் பிடுங்கும் காரம் அப்போதுதான் பிறக்கிறது. இன்னும் பிறக்காத மணம் டப்பாவிலிருந்து எப்படித் தப்பிக்கும்? அதனால்தான் கடுகை எந்தப் பாத்திரத்தில் போட்டு வைத்தாலும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

ஆக, மசாலாவுக்கு முதல் டப்பாவைச் செடியே செய்து கொடுத்துவிடுகிறது. நாம் வாங்கும் டப்பா இரண்டாவது. முதல் டப்பா முழுசாக இருக்கும்வரை இரண்டாவதற்கு வேலை குறைவு.

இதற்கு 2000 ஆண்டுப் பழமையான சாட்சி ஒன்று உண்டு. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்றொரு துறைமுகம். ரோமானியர் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து மிளகு போய் இறங்கிய இடம். அங்கே செராபிஸ் கோயில் இருந்த இடத்தை அகழ்ந்தபோது, தரையில் பதித்து வைத்திருந்த பெரிய மண் சாடி ஒன்று கிடைத்தது. இந்தியாவில் வனைந்த சாடி, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே 7.55 கிலோ மிளகு, மணி மணியாக. பாலைவனத்தின் வறட்சி அதைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ளட்டும். மீதிப் பங்கு, மிளகைத் தோலோடு முழுசாக வைத்தவர்களுக்குச் சேர வேண்டியது. தூளாக இருந்திருந்தால் அது மிளகு என்று கண்டுகொள்வதே பெரும்பாடாகியிருக்கும்.

அரைத்த பிறகு

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துண்டாகப் பட்டையை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். காற்று படும் பரப்பு மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர். அதையே 0.1 மில்லிமீட்டர் பொடியாக அரைத்தால் 10 லட்சம் துணுக்குகள் கிடைக்கும். காற்று படும் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். எடை மாறவில்லை, ஆவியாகும் வாசல் நூறு மடங்கு விரிந்துவிட்டது. போதாக்குறைக்கு எண்ணெயை அடைத்து வைத்திருந்த பைகளும் குழாய்களும் உடைந்து கிடக்கின்றன.

மில்லில் நடப்பதும் இதைத்தான் துரிதப்படுத்துகிறது. மிஷினிலிருந்து இறங்கும் மிளகாய்த் தூள் கைபொறுக்காத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டிலேயே மணத்தின் ஒரு பகுதி பறந்துவிடுகிறது. பெரிய தொழிற்சாலைகளில் சில, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனைப் பாய்ச்சி உறைநிலையில் அரைப்பது இதைத் தவிர்க்கத்தான். நமக்கு அந்த வசதி இல்லை. மில்லிலிருந்து கொண்டு வந்ததை உடனே டப்பாவில் அடைக்காமல் ஆறவிடும் பழைய வழக்கம் இருக்கிறது. அது வெறும் சம்பிரதாயமாக வந்ததில்லை. சூடான தூளை அடைத்தால் அதிலிருந்து எழும் நீராவி மூடியின் அடியில் குளிர்ந்து துளியாகி, திரும்பத் தூளிலேயே சொட்டும். கட்டி தட்டுவதும் பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான் ஆரம்பம். ஆறவைக்கும் இடம் செய்தித்தாளாக இருக்க வேண்டாம். அச்சு மையில் உள்ளவை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. வெள்ளைத் துணியோ அகலத் தாம்பாளமோ போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பிரியாணியில் மிளகாய்த் தூளுக்குப் பதில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து விழுதாக அரைத்துச் சேர்ப்பவர்கள் உண்டு. நிறத்துக்காகவும் சுவைக்காகவும் செய்வதுதான் என்றாலும், வேதியியல்படி பார்த்தால் அது சேமிப்பு உத்தியும்கூட. அடுப்பேற்றும் நாள்வரை மிளகாய் தன் தோலுக்குள்ளேயே இருக்கிறது. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் லேசில் ஆவியாகாது. ஆகவே பழைய தூளிலும் காரம் இருக்கும். சிவப்பு நிறம் தரும் கேப்சாந்தின் போன்ற நிறமிகள் ஆக்சிஜன் பட்டால் வெளுத்துவிடும், மணமும் தட்டையாகிவிடும். கண்ணில் நீர் வரவழைக்கிற, ஆனால் குழம்பில் நிறமே ஏறாத தூள் வீட்டில் இருந்தால், அது கிடந்த டப்பாவில்தான் தப்பு.

இடியாப்பச் சுவர்

டப்பாவின் சுவர் என்ன செய்கிறது? கண்ணாடி வழியாகவோ உலோகத் தகடு வழியாகவோ எந்த வாயுவும் நடைமுறையில் கடப்பதில்லை. பிளாஸ்டிக் அப்படியில்லை. அது நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் இடியாப்பம்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் குவியல். இழைகளுக்கு நடுவே இடைவெளிகள் உண்டு. இழைகளும் அசைந்துகொண்டே இருக்கின்றன. சின்ன மூலக்கூறுகள் அந்தச் சந்துகளில் புகுந்து, கரைந்து, மறுபக்கம் வெளியேறிவிடும். மசாலா எண்ணெய்களுக்கும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளுக்கும் ஒரு பொதுக் குணம் வேறு: இரண்டும் தண்ணீரோடு ஒட்டாதவை. தண்ணீரோடு ஒட்டாதவை ஒன்றோடொன்று எளிதில் கலக்கும். எனவே மணம் சுவரைக் கடப்பதோடு நிற்காது, சுவரிலேயே குடியேறிவிடும்.

பழைய பெருமையை விடாதவரைக் காலிப் பெருங்காய டப்பா என்று கேலி செய்கிறோமே, அந்தக் கேலிக்குப் பின்னால் இருப்பது இந்த வேதியியல்தான். பெருங்காயத்தின் நெடி கந்தகச் சேர்மங்களால் வருவது. பெருங்காயம் வரும் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவை சோப்பு போட்டு நாலு முறை கழுவினாலும் நெடி போகாது. கழுவுவது மேற்பரப்பை, நெடி இருப்பதோ சுவரின் உள்ளே. நாளாக ஆக அது மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும். அதே பெருங்காயத்தைக் கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தால் ஒரு தரம் கழுவியதோடு கதை முடிந்தது. மூடியில் உள்ள ரப்பரில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

மஞ்சள் தூளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மஞ்சள் கிடந்த பிளாஸ்டிக் டப்பாவின் உள்பக்கம் தேய்த்தும் போகாத மஞ்சள் பூசிக்கொள்ளும். அது குர்குமின், பிளாஸ்டிக்குக்குள் ஊறி நிற்கிறது. அந்தக் காலி டப்பாவை மொட்டை மாடியில் வெயிலில் திறந்து வையுங்கள். சோப்பால் போகாத கறை வெயிலில் வெளுத்துவிடும். ஒளி பட்டால் குர்குமின் சிதைகிறது. டப்பா சுத்தமாவது நல்ல செய்திதான். அதே வெயில் ஜன்னலோரக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் மஞ்சள் தூளுக்கும் அதையேதான் செய்யும் என்பது மற்றொரு செய்தி.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே தரமில்லை. டப்பாவைக் கவிழ்த்தால் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 1 என்றால் பெட். ஆக்சிஜனைத் தடுப்பதில் 2, 4, 5 எண்கள் குறிக்கும் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் வகைகளைவிடப் பல பத்து மடங்கு மேல். 6 என்றால் பாலிஸ்டைரீன்; மொடமொடவென்று உடையும் ரகம். இதில் கிராம்பை வைக்கவே கூடாது. யூஜினால் அந்தப் பிளாஸ்டிக்கைத் தாக்கி மங்கவும் விரிசல் விடவும் வைக்கும். பாக்கெட் மசாலாவின் உள்பக்கம் வெள்ளியாகப் பளபளக்கிறதே, அது பிளாஸ்டிக்கின் சந்துகளை அலுமினியத்தால் அடைத்த உறை. அதைக் கத்தரித்து வீசிவிட்டுச் சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவில் தூளைக் கொட்டுகிறவர், உறுதியான சுவரை எறிந்துவிட்டு ஓட்டைச் சுவருக்குக் குடிபெயர்கிறார். பாக்கெட்டை மடித்துக் கிளிப் போட்டு, பாக்கெட்டோடு டப்பாவுக்குள் வைப்பதே மேல்.

எவர்சில்வரும் தோலும்

நம் வீடுகளில் பித்தளையையும் தகர டப்பாவையும் ஓரங்கட்டியது எவர்சில்வர். இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. பாத்திரங்களில் 18/8 என்று பொறித்திருந்தால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று பொருள். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற உலோகம் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி உருவாக்கிய கலவை, சுற்றி வந்து நம் கடுகு டப்பாவாகியிருக்கிறது. தகட்டின் மேற்பரப்பில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு படலமாகிவிடும். சில நானோமீட்டர் கனம்தான். கீறினாலும் நொடியில் மறுபடி தானே மூடிக்கொள்ளும். அந்தப் படலம்தான் இரும்பையும் மசாலாவையும் ஒன்றையொன்று தொடவிடாமல் பிரித்து வைக்கிறது.

வாணியம்பாடிக்காரர்களுக்குக் குரோமியம் பழகிய பெயர். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோலைப் பல நாள் போட்டுப் பதனிட்ட காலத்துக்குப் பின் வந்தது குரோம் பதனிடுதல். பச்சைத் தோல் 60 டிகிரி சொச்ச வெந்நீரிலேயே சுருங்கிக் கூழாகத் தொடங்கிவிடும். குரோமிய உப்பு, தோலின் கொலாஜன் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைக் குறுக்காகப் பிணைக்கிறது. பிறகு அந்தத் தோல் கொதிநீரையே தாங்கும். பதனிட்ட கையோடு வரும் ஈரத் தோல் நீல நிறத்தில் இருப்பதால் அதற்கு வெட் ப்ளூ என்றே பெயர். இரும்பு துருப்பிடிக்காமல் இருப்பதும் தோல் அழுகாமல் இருப்பதும் ஒரே தனிமத்தின் இருவேறு வேலைகள்.

தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் பாத்திரமும் தோலும் ஒருமுறை ஒரே கையில் சந்தித்திருக்கின்றன. சென்னைக் கலைப் பள்ளியில், அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியில், 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். அடுத்த சில ஆண்டுகளில் அவரே குரோம் பதனிடும் சோதனைகளிலும் இறங்கினார். கிணற்றிலிருந்து கவலையில் நீர் இறைக்கும் தோல் சால் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் வீணாகிறதே, குரோம் தோலில் செய்தால் நீடிக்குமே என்பது அவருடைய கணக்குகளில் ஒன்று.

குரோமியத்தை இந்த வட்டாரத்தில் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. எஃகுத் தகட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் குரோமியம் வெளியே வருவதில்லை. டேனரிக் கழிவுநீரில் கலந்த குரோமியமும் உப்பும் அப்படி அடங்கவில்லை. பாலாற்றுப் படுகையின் மண்ணிலும் கிணறுகளிலும் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது அதனால்தான். ஒரு பொருளின் குணம் பாதி, அது எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்பது மீதி.

எவர்சில்வரின் பலவீனம் இரண்டு. ஒன்று உப்பு. உப்பில் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் குரோமியப் படலத்தில் ஊசிமுனைப் பள்ளங்கள் பறிக்கும். உப்பு வைத்த எவர்சில்வர் டப்பாவின் அடியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது இப்படித்தான். அலுமினியம் இதில் இன்னும் மோசம். பித்தளையும் செம்பும் புளிப்பு பட்டால் கரைந்து உணவில் கலக்கும். எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் சிக்கல் வாடை அடிப்பதைச் செம்பு வேகப்படுத்தவும் செய்யும். பிரியாணி தேக்சாவுக்கு உள்ளே ஈயம் பூசுவது அந்தத் தொடுப்பைத் துண்டிக்கத்தான். உப்பையும் புளியையும் பாட்டிமார் பீங்கான் ஜாடியில் வைத்தார்களே, அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

எவர்சில்வரின் இரண்டாவது பலவீனம் மூடி. தகடு வாயுவைத் தடுத்தாலும், அழுத்தி மூடும் மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு சந்து இருக்கிறது. டப்பாவில் பாதி தண்ணீர் ஊற்றி மூடி, காய்ந்த துணிமேல் கவிழ்த்துப் பாருங்கள். துணி நனைந்தால், தண்ணீரையே பிடித்து வைக்க முடியாத டப்பா மணத்தைப் பிடித்து வைக்கப் போவதில்லை. உள்ளே வளையம் வைத்த திருகு மூடிதான் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறும்.

கண்ணாடிக்கு இருட்டு வேண்டும்

ஒரு காலத்தில் ஹார்லிக்ஸ் தீர்ந்ததும் அந்தப் பாட்டில் மிளகு பாட்டிலாக மறுபிறவி எடுக்காத வீடு கிடையாது. மணம் கசியாது, ஊறாது, கழுவினால் புதுசு, மூடி திருகு மூடி. மசாலாவுக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை எந்தப் பொறியாளரும் வடிவமைக்கவில்லை. கண்ணாடியின் ஒரே குறை ஒளி. சாதாரணக் கண்ணாடி கடும் புற ஊதாக் கதிர்களைத் தடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே விடும். குர்குமின் அதிகம் உறிஞ்சுவது 425 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை. அது கண்ணாடியைத் தாராளமாகக் கடக்கிறது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினும் ஒளி பட்டால் உருமாறும். அணுக்கள் அதே எண்ணிக்கைதான், வளைவுதான் வேறு. ஆனால் அந்தப் புதிய வடிவங்களில் காரம் ஏறக்குறைய இல்லை.

ஏலக்காயின் பச்சை, இலையில் இருக்கும் அதே பச்சையம். ஒளியில் அதுவும் வெளுக்கும். ஏலச் சந்தைக்குப் பேர்போன போடிநாயக்கனூர்ப் பக்கம் ஏலக்காயை ஏறத்தாழ 10 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி, உள்ளே கறுப்பு பாலித்தீன் உறையிட்ட சாக்குகளில் கட்டுவார்கள். பாலித்தீன் ஈரத்துக்கு, கறுப்பு ஒளிக்கு என்று இரண்டு தடைகள். வீட்டில் இதற்கு ஈடான ஏற்பாடு, கண்ணாடி பாட்டிலைக் கதவுள்ள அலமாரிக்குள் வைப்பது. வரிசையாகப் பாட்டில் அடுக்கி விளக்கு போட்டுக் காட்டும் திறந்த ஷெல்ஃப் பார்க்க லட்சணமாக இருக்கும், வதங்குவது மசாலா. அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் தட்டு அதைவிட மோசம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு.

ஓதம்

ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் டேனரிக்கு வருமுன் உப்பு தடவி வைக்கப்படுகின்றன. உப்பு தோலின் நீரை உறிஞ்சி எடுக்கிறது. மிச்சமிருக்கும் நீரையும் கிருமிகள் பயன்படுத்த முடியாதபடி தன்னோடு கட்டி வைத்துக்கொள்கிறது. கிருமிக்கு எட்டும் நீர் எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளராது. பூஞ்சைகள் பிடிவாதக்காரர்கள், 0.7-க்குப் பக்கம் வரை தாக்குப்பிடிக்கும். உப்புத் தோல், ஊறுகாய், கருவாடு, காய்ந்த மிளகாய் எல்லாமே இந்த ஒரு எண்ணைக் கீழே இறக்கும் வேலைதான்.

மிளகாய்த் தூளில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன இந்திய உணவுத் தர விதிகள். கடையில் அந்த அளவில் வாங்கிய தூள், ஐப்பசி மழையில் திறந்து திறந்து மூடும் டப்பாவில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து அதைத் தாண்டிவிடும். கொதிக்கும் குழம்புக்கு மேலே டப்பாவைச் சாய்த்துத் தட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் நீராவியை உள்ளே அனுப்புகிறார்கள். ஈரக் கரண்டி இன்னொரு வழி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவைக் குளிர்ச்சி ஆறுமுன் திறப்பது மூன்றாவது: வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தூள்மேல் பனிபோல் படியும். ஃபிரிட்ஜ் கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. குண்டூரில் மிளகாய் மூட்டைகளைக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி நிறம் காக்கிறார்கள். இறுக மூடிய டப்பாவில் வைத்து, எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் தொடாமல் இருந்தால் வீட்டு ஃபிரிட்ஜும் அதே வேலையைச் செய்யும்.

பூஞ்சை பிடித்த மசாலாவை வெயிலில் காயவைத்து, வறுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்கிய நஞ்சு இருந்தது. அஃபிளாடாக்சின் என்று பெயர் பெற்ற அந்த நஞ்சு, ஈரம் ஏறிய மிளகாயிலும் மல்லியிலும் உருவாகக்கூடியது, கல்லீரலைத் தாக்கும், சமையல் சூட்டில் முழுதும் அழியாது. கட்டி தட்டி மக்கல் வாடை அடிக்கும் தூளுக்குக் குப்பைத் தொட்டிதான் இடம்.

வண்டு விஷயத்திலும் வருமுன் காப்பதுதான் வழி. மஞ்சள், தனியா, மிளகாயில் வரும் சின்னப் பழுப்பு வண்டு மெல்லிய பிளாஸ்டிக் உறையைத் துளைத்துவிடும். கண்ணாடியையும் எவர்சில்வரையும் துளைக்காது. ஆனால் முட்டை கடையிலிருந்தே வந்திருந்தால் எந்த டப்பாவும் அதற்குப் பத்திரமான வீடாகிவிடும். வாங்கியதை நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு அடைப்பது அதனால்தான். மஞ்சளையும் மிளகாயையும் மட்டும் நெடுநேரம் வெயிலில் விட வேண்டாம்.

அஞ்சறைப் பெட்டிக்கு என்ன வேலை?

அப்படியானால் ஒரே மூடிக்குள் ஏழு கிண்ணங்கள் திறந்து கிடக்கும் அஞ்சறைப் பெட்டி? சேமிப்பு என்று பார்த்தால் அது தோற்றுப்போகும். ஏழுக்கும் ஒரே காற்று. கடுகு எடுக்கத் திறந்தால் சீரகமும் மூச்சு விடுகிறது. ஆனால் அது சேமிக்கச் செய்த பெட்டி அல்ல, தாளிக்கச் செய்த பெட்டி. எண்ணெய் காய்ந்த நொடியில் கைக்கு எட்ட வேண்டும் என்பதுதான் அதன் குறிக்கோள். கடுகு, உளுத்தம் பருப்பு, வெந்தயம், மிளகு, ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் அளவுக்குச் சீரகமும் மஞ்சள் தூளும் அதில் இருக்கலாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், பெருங்காயம் நான்கையும் அதில் சேர்த்தால் இரண்டு வாரத்தில் உளுந்தும் கிராம்பு மணக்கும்.

முழு மசாலாக்களுக்குத் தனித்தனியாகச் சின்னத் திருகு மூடிக் கண்ணாடி பாட்டில்கள் போதும். கதவுள்ள அலமாரியில், அடுப்பிலிருந்து தள்ளி வைக்கலாம். பெருங்காயத்துக்கு ஒரு கண்ணாடி பாட்டில், வேண்டுமானால் அதை இன்னொரு டப்பாவுக்குள். உப்புக்கும் புளிக்கும் பீங்கான் ஜாடி. எந்த மெருகு பூசியது என்று தெரியாத அலங்கார ஜாடியில் மட்டும் புளிப்பை வைக்க வேண்டாம், சில மெருகுகளில் காரீயம் இருக்கும். தூள்களுக்குக் கைப்புழக்கத்தில் ஒரு சின்ன டப்பா, மீதி பாக்கெட்டோடு ஃபிரிட்ஜில்.

கவனிக்க வேண்டியது அளவு. ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி தூள் இருந்தால் மீதி அரை லிட்டர் காற்று. அதில் ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் ஆக்சிஜன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது புதுப்பிக்கப்படுகிறது. தூள் குறையக் குறையச் சின்ன டப்பாவுக்கு மாற்றுவது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். அதில் மிச்சப்படுவது நிறமும் மணமும். அதனால் அழகான டப்பா செட்டுக்குப் பணம் கொடுக்குமுன், வீட்டில் ஒரு மாதத்துக்கு எவ்வளவு தனியாத் தூள் தீர்கிறது என்று பாருங்கள். அந்த அளவு கொள்ளும் டப்பாவை வாங்குங்கள், அந்த அளவே அரையுங்கள். அரைக் கிலோ தூள் பாக்கெட் விலையில் மலிவுதான். அதன் அடியில் மிஞ்சும் கடைசி நூறு கிராமைவிட, அன்றைக்கு வறுத்துப் பொடித்த ஒரு கைப்பிடித் தனியா குழம்புக்கு அதிகம் கொடுக்கும்.